கோழிக் கழுத்தும் ரெண்டு கோடி காரும்!

ஒரு கோழியைப் பிடிச்சுக்கோங்க. சமைக்க இல்லை பாஸ், சயின்ஸுக்கு! ரெண்டு கையாலும் பதமாகத் தூக்கி, மேலே, கீழே, இடது, வலது என்று மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உடம்பு எங்கே போனாலும் தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அதே இடத்தில் நிற்கும். பாட்டி வீட்டில் கோழி வளர்த்தவர்களுக்கு இது பழைய நியூஸ்.

இந்தப் பழைய நியூஸை வைத்துத்தான் 2013-ல் மெர்சிடிஸ் பென்ஸ் ஒரு விளம்பரம் எடுத்தது. கையுறை போட்ட கைகள் பாட்டுக்கு ஏற்றபடி கோழிகளை ஆட்டிக்கொண்டே இருக்கும். தலைகள் அசையாது. அந்த வருடம் வந்த எஸ்-கிளாஸ் காரின் 'மேஜிக் பாடி கன்ட்ரோல்' சஸ்பென்ஷனுக்குத்தான் இவ்வளவு பில்டப்! போட்டிக் கம்பெனி ஜாகுவார் சும்மா இருக்குமா? அவர்களும் பதிலுக்கு ஒரு கோழியை ஆட்டினார்கள். கடைசியில் நிஜ ஜாகுவார் ஒன்று பாய்ந்து வந்து கோழியைக் கபளீகரம் பண்ணிவிட்டது. சண்டையில் ஜெயித்தது யாரோ, கோழிதான் பாவம்.

காமெடி இருக்கட்டும். அந்தக் கழுத்துக்குள் ஒரு முழு செமஸ்டர் சிலபஸ் இருக்கு. தலையைத் தாங்கி நிற்பது பஞ்சும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. கண் பார்க்கிறது, மூளை கணக்குப் போடுகிறது, கழுத்துத் தசை எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது. ஆட்டத்தை அடக்குவதற்குக் கோழி தன் கைக்காசைப் போட்டுச் செலவு பண்ணுகிறது. காலையில் கொத்தித் தின்ற கம்பிலிருந்து வந்த எனர்ஜி அது! 'ஆக்டிவ் சஸ்பென்ஷன்' என்றால் அசல் அர்த்தம் இதுதான்.

ஆனால், லக்ஷுரி கார் ப்ரோஷர் எதை வேண்டுமானாலும் புரட்டுங்கள். 'ஆக்டிவ்', 'அடாப்டிவ்', 'டைனமிக்' என்று சர்க்கரைப் பொங்கலில் முந்திரி தூவுகிற மாதிரி தூவியிருப்பார்கள். எது நிஜக் கோழி, எது சாவி கொடுத்த பொம்மைக் கோழி என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வார வேலை.

"செமஸ்டர் ஃபீஸ் கட்டவே அப்பா முறைக்கிறார், நமக்கு எதுக்குடா கோடி ரூபாய் கார்?" என்று கேட்பது காதில் விழுது. வாங்கப்போவது நாம் இல்லை, ஒப்புக்கிறேன். ஆனால், இதை டிசைன் பண்ணப்போகிறவர்கள் நம் கிளாஸ் கடைசி பெஞ்சிலேயே இருக்கலாம். மெக்கானிக்கலுக்கு மட்டும் சொந்தமான ஏரியாவும் இல்லை. மோட்டார் ட்ரிபிள்-இ ஆட்களுக்கு, சென்சார் இ.சி.இ. ஆட்களுக்கு, புரோகிராம் கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு. எல்லா டிபார்ட்மென்ட்டும் சண்டை போடாமல் ஒரே வண்டிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற அபூர்வமான இடம் அது.

மெத்தையா, பலகையா?

அடிப்படையை ஒரு நிமிஷத்தில் முடிச்சுடலாம். பள்ளத்தில் விழுந்த அடியை ஸ்பிரிங் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் ரொம்ப நேர்மையான பார்ட்டி, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தத்தான் டேம்பர், நம்ம ஊர் பாஷையில் ஷாக் அப்ஸார்பர். அது துள்ளலை உள்ளே இருக்கிற எண்ணெயில் சூடாக்கி அழித்துவிடும்.

சிக்கல் இதுதான். மெத்தை மாதிரி வைத்தால் பள்ளம் தெரியாது, ஆனால் வளைவில் வண்டி கப்பல் மாதிரி சாயும். பலகை மாதிரி வைத்தால் வளைவில் சாயாது, ஆனால் பல் ஆடும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் சமாதானம் ஆகணும். கார் பிறந்த நாளிலிருந்து இந்தச் சமாதானம்தான் நடந்துகொண்டிருக்கிறது.

எஸ்.யு.வி.க்கு இதில் டபுள் தலைவலி. ஒரு பேச்சுக்கு, 2,300 கிலோ எஸ்.யு.வி. ஒன்று வளைவில் அரை 'ஜி' அளவுக்குத் திரும்புது. அதன் எடை மையம், அது சாய்கிற அச்சுக்கு 60 செ.மீ. மேலே இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் புரட்டப் பார்க்கிற திருகு விசை ஏறக்குறைய 6,800 நியூட்டன் மீட்டர். அதே வளைவில் 2,000 கிலோ செடான், மையம் 40 செ.மீ. உயரத்தில்: 3,900 சொச்சம். கிலோவில் வித்தியாசம் கொஞ்சம்தான், திருகு விசையில் பாதிக்குப் பாதி கூட! அதனால் எஸ்.யு.வி. வாங்குகிறவர் 'சாயாதே' என்பதற்குக் காசு கொடுக்கிறார். பின் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டே போகிற செடான் முதலாளி 'குலுங்காதே' என்பதற்குக் காசு கொடுக்கிறார். ரெண்டும் வேற வேற வியாதி, மருந்தும் வேற.

வைவாவில் ஒரே ஒரு கேள்வி

எந்தப் பெயர் போட்டிருந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இது வெளியிலிருந்து எனர்ஜி கொண்டுவந்து சக்கரத்தைத் தள்ளவும் இழுக்கவும் செய்யுமா?"

'அடாப்டிவ் டேம்பர்' என்பது செய்யாது. அது டேம்பரின் துவாரத்தைச் சுருக்கிப் பெருக்கி, கடினத்தை மட்டும் மாற்றும். 2002-ல் காடிலாக் செவில் காரில் வந்த மேக்னரைடு இன்னும் ஸ்டைல். இரும்புத் துகள் கலந்த எண்ணெய், காந்தம் போட்டால் கண் இமைக்கும் நேரத்தில் கெட்டியாகும். ஆனாலும் அது ஒரு பிரேக்தான். பிரேக் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் வண்டியை முன்னால் தள்ளாது இல்லையா? இதற்குப் பெயர் செமி-ஆக்டிவ். 1974-ல் கர்னாப், கிராஸ்பி, ஹார்வுட் என்ற மூன்று பேர் எழுதிய பேப்பரிலிருந்து கிளம்பிய ஐடியா இது. 'ஸ்கைஹூக்' என்று வைவாவில் கேட்பார்களே, அதன் பூர்வீகமும் அங்கேதான். வானத்தில் ஒரு ஆணி அடித்து, காரை அதில் டேம்பர் போட்டு மாட்டினால் எப்படி இருக்கும் என்று கற்பனை பண்ணி, அதைத் தரையிலிருந்தே ஏமாற்றிச் செய்வது. (இந்த ஒரு வரியைச் சொன்னால் எக்ஸ்டர்னல் சிரிப்பார். மார்க்குக்கு நான் பொறுப்பில்லை!)

'ஏர் சஸ்பென்ஷன்' ஸ்டீல் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. வண்டியை ஏற்றும், இறக்கும். ஆனால் கம்ப்ரஸர் காற்று அடித்து முடிக்க நிமிஷக் கணக்கு இல்லாவிட்டாலும் செகண்ட் கணக்கு ஆகும். பள்ளம் அதுவரை காத்திருக்காது. காற்றுப் பையும் அடாப்டிவ் டேம்பரும் சேர்ந்த ஜோடிதான் பெரும்பாலான லக்ஷுரி கார்களில் இருக்கு. நல்ல ஜோடிதான், குறை சொல்ல மாட்டேன். ஆக்டிவ் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது பாதிக் கோழி. 2021-ல் வந்த இந்தத் தலைமுறை ரேஞ்ச் ரோவர் ஒரு உதாரணம். சாதாரணமாக இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரு இரும்புக் கம்பி இணைத்திருக்கும், சாய்வைத் தடுக்க. இதில் அந்தக் கம்பியை நடுவில் வெட்டி, 48 வோல்ட் மோட்டாரை வைத்துவிட்டார்கள். 1,400 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கித் தரும். நேவிகேஷன் மேப்பைப் பார்த்து முன்னால் வளைவு வருதா என்று தெரிந்துகொண்டு தயாராகவும் இருக்கும். நல்ல ரோட்டில் கம்பியைத் தளர்த்திவிட்டால் ஒரு பக்கப் பள்ளத்தின் அதிர்ச்சி மறுபக்கம் போகாது. எஸ்.யு.வி.யின் வியாதிக்கு இது சரியான மருந்து. ஆனால், நாலு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போதும், பிரேக் அடித்து மூக்கு குத்தும்போதும் இந்த மோட்டாருக்கு வேலையே இல்லை. இங்கிலாந்துக் கம்பெனி என்றாலும் 2008 முதல் டாடா கைவசம். 2024-ல் இருந்து புனேயில் அசெம்பிள் ஆகிறது என்பது உபரித் தகவல்.

ரேஸ் டிராக்கில் தடை, ரோட்டில் தாராளம்

முழுக் கோழியின் கதை ஃபார்முலா ஒன்னில் சூடு பிடித்தது. 1987-ல் மொனாக்கோவில் அயர்டன் சென்னா ஜெயித்த லோட்டஸ் ஆக்டிவ் சஸ்பென்ஷன் கார். 1992-ல் வில்லியம்ஸ் டீமின் எஃப்.டபிள்யூ.14பி வந்தது. நைஜல் மான்செல் அந்த சீசனில் மட்டும் 9 ரேஸ் ஜெயித்துச் சாம்பியன் ஆனார். மற்ற டீம்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வேண்டியதாகப் போச்சு. 1994-ல் தடையே போட்டுவிட்டார்கள். ஒரு டெக்னாலஜிக்கு இதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் வேணுமா?

ரோட்டில் 1999-ல் மெர்சிடிஸ் சி.எல். காரில் 'ஆக்டிவ் பாடி கன்ட்ரோல்' வந்தது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் மேலே ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர், 200 பார் அழுத்தத்தில் எண்ணெய். செகண்டுக்கு 5 முறை வரையிலான அசைவுகளை, அதாவது 5 ஹெர்ட்ஸ் வரை, எதிர்த்து நிற்கும்.

இந்த 5-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் சாவி இங்கேதான். கார் உடம்பு தானாக ஆடுவது 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை. அதைச் சமாளிக்க 5 தாராளம். சக்கரம் தனியாகத் துடிப்பதோ 10 முதல் 15 ஹெர்ட்ஸ். அதைத் தொட 5 போதாது. நம் உடம்பு நெஞ்சும் வயிறுமாக அதிகம் கஷ்டப்படுவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் குலுக்கலில். மலை ரோட்டில் வாந்தி வருவது அதற்கும் ரொம்பக் கீழே, 0.2 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால 'எவ்வளவு வேகமாக?' என்பதுதான் அசல் போட்டி. குதிரைத் திறனை மட்டும் ஒப்பிட்டுப் பேசுகிற கேன்டீன் டிஸ்கஷனில் இந்த நம்பர் வருவதே இல்லை.

2013 எஸ்-கிளாஸ் அதே ஹைட்ராலிக் சமாச்சாரத்துக்குக் கண் வைத்தது. முன் கண்ணாடிக்குப் பின்னால் ரெட்டைக் கேமரா, 15 மீட்டர் முன்னால் வரை ரோட்டைப் படிக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 15 மீட்டர் என்றால் 0.9 செகண்ட். 130-ல் போனால் 0.4 செகண்ட். கம்ப்யூட்டருக்கு அது ஒரு யுகம்! ஆனால், கேமராவின் பலவீனம் கேமராவேதான். பகல் வெளிச்சம் வேண்டும், தெளிவான ரோடு வேண்டும். மழை ராத்திரியில், பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் முன்னால் எந்தக் கேமராவும் நம்ம நிலைமைதான்.

அடுத்து, 2019 ஜி.எல்.இ. எஸ்.யு.வி.யில் 'இ-ஆக்டிவ் பாடி கன்ட்ரோல்'. எஞ்சினோடு கட்டிய பெரிய பம்ப்பைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார்-பம்ப். கீழே காற்றுப் பை எடையைத் தாங்கிக்கொள்ளும், மின்சாரம் ஆட்டத்தை அடக்கும். வளைவில் இந்த வண்டி வெளிப்பக்கம் சாயாது. பைக் ஓட்டுகிறவர் மாதிரி உள்பக்கம் சாயும்! மணலில் மாட்டிக்கொண்டால் தானாக ஏறி இறங்கி, டயரின் பிடியை மாற்றி மாற்றி வெளியே வந்துவிடும். 2021-ல் இந்தியாவுக்கு 2.43 கோடி எக்ஸ்-ஷோரூம் விலையில் வந்த மேபாக் ஜி.எல்.எஸ்.600-லும் இதுதான். சிக்னலில் நின்றபடி அந்த வண்டி டான்ஸ் ஆடுகிற வீடியோவை ஃபார்வர்டு பண்ணாதவர் யாராவது உண்டா? மணலில் மாட்டினால் தப்பிக்க வைத்திருந்த வித்தையைக் கல்யாண மண்டப வாசலில் காட்டுகிறார்கள். என்னத்தைச் சொல்ல!

48-ன் ரகசியம்

எல்லாக் கம்பெனியும் ஏன் 48 வோல்ட்டைப் பிடித்துத் தொங்குகிறது? பிளஸ் டூ ஃபிஸிக்ஸ் போதும். ஒரு சக்கரத்தைச் சட்டென்று தள்ள ஒரு கணத்துக்கு 5 கிலோவாட் வேண்டும் என்று வையுங்கள். சாதாரண 12 வோல்ட் பேட்டரியில் அது 417 ஆம்பியர். வயர் உங்கள் கட்டை விரல் பருமனுக்கு வேணும். 48 வோல்ட்டில் 104 ஆம்பியர். 400 வோல்ட்டில் வெறும் 12.5! நல்ல ஆக்டிவ் சஸ்பென்ஷன் இத்தனை வருஷம் லேட்டானதற்கு சஸ்பென்ஷன் மட்டும் காரணம் இல்லை. பேட்டரிக்காகக் காத்திருந்தது. ஹைபிரிட்டும் எலெக்ட்ரிக்கும் வந்த பிறகுதான் வீட்டில் கரன்ட் வந்த மாதிரி ஆச்சு.

2017-ல் அறிமுகமான ஆடி ஏ8 செடானுக்காக ஆடி எண்ணெயையே தூக்கிப் போட்டது. சக்கரத்துக்கு ஒரு மின் மோட்டார், பெல்ட், அதற்குப் பின்னால் கைக்கு அடக்கமான ஒரு கியர், ஒரு லீவர். 1,100 நியூட்டன் மீட்டர் வரை தள்ளும், இழுக்கும். ஹைட்ராலிக் இல்லாததால் ஒழுகும் பேச்சே கிடையாது. கதவைத் திறக்கக் கை வைத்தால் கார் 5 செ.மீ. எழுந்து நின்று மரியாதை கொடுக்கும். முட்டி வலிக்கிற தாத்தாக்களுக்கு இது நிஜமாகவே உபயோகம்.

2022-ல் ஃபெராரி புரோசாங்கே வந்தது. 'எஸ்.யு.வி. என்று கூப்பிடாதே' என்று கோபித்துக்கொள்கிற நாலு கதவு ஃபெராரி. கனடாவின் மல்டிமேட்டிக் கம்பெனி செய்த டேம்பருக்குள்ளேயே 48 வோல்ட் மோட்டார். சாய்வைத் தடுக்கிற கம்பியே கிடையாது. தெரிஞ்சு வைச்சுக்கோங்க, போதும்.

என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது போர்ஷே. 2023 நவம்பரில் வந்த பனமேரா, 2024-ல் புதுப்பிக்கப்பட்ட டைக்கான், ரெண்டும் தரையோடு தரையாக இருக்கிற கார்கள். எஸ்.யு.வி. மாதிரி சாய்வுப் பிரச்னை அவ்வளவாகக் கிடையாது. இருந்தும் 'ஆக்டிவ் ரைடு' வைத்தார்கள். பனமேராவில் ஹைபிரிட் மாடல்களுக்கு மட்டும்தான், ஏன் என்று மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். 400 வோல்ட்டில் ஓடும் பம்ப், டேம்பருக்குள் எண்ணெயைத் தள்ளியும் இழுத்தும் 13 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். 5 எங்கே, 13 எங்கே? உடம்பின் ஆட்டத்தைத் தாண்டி, சக்கரத்தின் துடிப்பு வரை வந்துவிட்டது. அதனால்தான் முன்னால் பார்க்கும் கேமராவைப் பெரிதாக நம்பாமல், அடி விழுந்த பிறகே சமாளிக்க அதால் முடிகிறது.

இதைவிட வேடிக்கை, கிளம்பும்போது கார்கள் மூக்கைத் தூக்கும், பிரேக்கில் மூக்கைக் குத்தும் இல்லையா? பனமேராவை ஒரு மோடில் போட்டால் உல்ட்டா. கிளம்பும்போது மூக்கைத் தாழ்த்தும், பிரேக் போட்டால் தூக்கும், ஹெலிகாப்டர் மாதிரி. நம் உடம்பு சீட்டோடு அழுந்துமே தவிர முன்னால் பின்னால் சரியாது. தம்ளரில் தண்ணீரை வைத்து வேகமாக நடக்கும்போது தம்ளரை நாமே சாய்த்துக்கொள்கிறோமே, அதே டெக்னிக்.

அப்போ யார் ஃபர்ஸ்ட்? என் ஓட்டு: குலுக்கலுக்கு போர்ஷே, சாய்வுக்கும் மணலுக்கும் மெர்சிடிஸ். காசுக்கு ஏற்ற புத்திசாலித்தனம் என்றால் ரேஞ்ச் ரோவரின் அந்த ஒற்றைக் கம்பி வித்தை. ஆடி? அதை வேறு காரணத்துக்காகத் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

டெமோவில் காட்டாத எட்டு சென்டிமீட்டர்

நாற்சந்தியில் நிற்கிறீர்கள். பக்கவாட்டில் ஒரு வண்டி பாய்ந்து வருது. பக்கவாட்டு மோதலில் உங்களுக்கும் அந்த பம்ப்பருக்கும் நடுவில் இருப்பது ஒரு கதவு மட்டும். முன்னால் இருக்கிற மாதிரி நசுங்குவதற்கு ஒரு மீட்டர் இடம் கிடையாது. காரில் பலமான பாகம் கதவுக்குக் கீழே ஓடுகிற தடித்த விளிம்புச் சட்டம். ஆனால், மோதுகிற வண்டியின் பம்ப்பர் பெரும்பாலும் அதற்கு மேலே வந்து, கதவில் இடிக்கும்.

ஏ8 என்ன பண்ணும் தெரியுமா? மோதல் தவிர்க்க முடியாது என்று சென்சார்கள் முடிவு பண்ணியதும், அந்தப் பக்கத்தை அரை செகண்டுக்குள் 80 மி.மீ. வரை தூக்கிவிடும். இடி கதவில் விழாமல் சட்டத்தில் விழும். உள்ளே இருப்பவர்மேல் விழும் பளு இதனால் பாதி வரை குறையும் என்பது ஆடியின் கணக்கு. 2020 எஸ்-கிளாஸிலும் இதே 8 செ.மீ. வித்தை உண்டு. செமி-ஆக்டிவ் டேம்பரால் இது சத்தியமாக முடியாது. ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸரை ஓட்டி முடிப்பதற்குள் இடித்துவிட்டுப் போயிருப்பார்கள். எனர்ஜியை உள்ளே கொண்டுவர முடிகிறதா என்று நான் பிடித்துத் தொங்குகிற அந்தக் கேள்வி, இங்கே சொகுசுக் கேள்வி இல்லை, உயிர்க் கேள்வி. ஷோரூமில் இதை டெமோ காட்ட முடியாது, வாஸ்தவம்தான். ஆனால் டான்ஸ் வீடியோவுக்குக் கிடைத்த லைக்கில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்கலாம்.

மைனஸையும் சொல்லிடறேன். எடை கூடும், பாகம் கூடும், விலை கூடும். பழைய ஹைட்ராலிக் ஆக்டிவ் கார்களை செகண்ட் ஹேண்டில் ஆசைப்பட்டு வாங்கியவர்கள் பம்ப், சிலிண்டர், எண்ணெய் ஒழுகல் என்று ஒர்க்‌ஷாப் வாசலிலேயே குடியிருந்த கதை உலகம் முழுக்க உண்டு. கார் விலை இறங்கும், ஸ்பேர் விலை இறங்காது. இன்னொன்று, வண்டி சாயவே இல்லை என்றால் வேகமும் தெரியாது. வளைவில் 'ஜாக்கிரதை' என்று உடம்புக்குச் சொல்வதே அந்தச் சாய்வுதான்.

ஸ்பீக்கர்காரரின் கார்

போஸ் என்ற பெயரைக் கேட்டால் உங்களுக்கு ஹெட்போன்தான் ஞாபகம் வரும். அமர் போஸ் எம்.ஐ.டி. புரொஃபசர். அவருடைய அப்பா, வெள்ளைக்காரனை எதிர்த்ததற்காகத் துரத்தப்பட்டு அமெரிக்கா போன வங்காளி. ஸ்பீக்கர் கம்பெனி நடத்திக்கொண்டே 1980-ல் போஸ் சஸ்பென்ஷன் ஆராய்ச்சியை ஆரம்பித்தார். வெளியே மூச்சு விடவில்லை. 24 வருஷம் கழித்து, 2004-ல் திரையை விலக்கினார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

யோசித்தால் லாஜிக் புரியும். ஸ்பீக்கர் என்றால் என்ன? மின்சாரத்தைக் கொடுத்தால் முன்னும் பின்னும் நகர்கிற காந்தச் சுருள். அதையே பூதாகரமாக்கி, சக்கரத்துக்கு ஒன்றாக மாட்டினார். ஒரு லெக்சஸ் செடான் வரிசையான மேடுகள்மேல் போனது. சக்கரங்கள் தடதடவென்று மேலும் கீழும் ஓடின, உடம்பு கோழித் தலை மாதிரி நின்றது. அடுத்து அந்தக் கார் குறுக்கே வைத்த கட்டையைக் குதித்தே தாண்டியது! வீடியோவைத் தேடிப் பாருங்கள், கிராபிக்ஸ் இல்லை.

ஆனாலும் ஒரு கம்பெனிகூட அதைக் காரில் போடவில்லை. கனம், விலை. போஸ் 2013-ல் காலமானார், கோழி விளம்பரம் வந்த அதே வருஷம். 2017-ல் க்ளியர்மோஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி அந்த டெக்னாலஜியை வாங்கியது. அவர்களுடைய ஆக்டிவ் சஸ்பென்ஷனோடு சீனாவின் நியோ இ.டி.9 செடான் 2025-ல் டெலிவரிக்கு வந்தது, விலை 7,88,000 யுவானில் ஆரம்பம். பானட்மேல் கண்ணாடிக் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி, ஷாம்பெய்ன் ஊற்றி, ஸ்பீடு பிரேக்கர்மேல் ஓட்டிக் காட்டினார்கள்.

அந்தக் கோபுரத்தைவிட எனக்குப் பிடித்தது நடுவில் வந்த ஒரு கிளைக் கதை. 2010-ல் போஸ் தன் ஆராய்ச்சியை ஒரு சீட்டுக்குள் வைத்து விற்க ஆரம்பித்தது. யாருக்கு? லாரி டிரைவருக்கு! இரண்டு டன் காரை அசையாமல் வைக்கிற தலைவலி எதுக்கு, 80 கிலோ மனுஷனை மட்டும் அசையாமல் வைத்தால் போதுமே. எடை இருபத்தஞ்சில் ஒரு பங்கு, தேவைப்படும் பவரும் மளமளவென்று குறையும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பின் சீட்டில் உட்காருகிறவரைவிட, பத்து மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்குத்தானே அந்த 4 முதல் 8 ஹெர்ட்ஸ் குலுக்கல் முதுகெலும்பில் இறங்குது?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்காமல் அலைகிற மகாஜனங்களே, கவனிங்க. ஒரு சீட், ஒரு மோட்டார், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஆக்ஸிலரோமீட்டர், ஒரு மைக்ரோகன்ட்ரோலர். மேலே சொன்ன நம்பர்கள் எல்லாம் அப்படியே பொருந்தும். எங்கள் டீமில் நாலு பேர், ட்ரிபிள்-இ-யிலிருந்து ஒருத்தியைக் கெஞ்சிக் கூப்பிட்டிருக்கோம். போன வாரம் காலேஜ் பஸ் டிரைவர் அண்ணனிடம் போய், "அண்ணே, முதுகு எப்ப வலிக்கும்?" என்று கேட்டோம்.

"எப்ப வலிக்காதுன்னு கேளு தம்பி" என்றார்.

எழுந்து நின்று இடம் கொடுத்தார். சீட்டுக்கு அடியில் டேப் வைத்து அளந்தோம். 26 செ.மீ. இருக்கு. மோட்டார், லீவர் எல்லாம் அதற்குள் அடங்கணும்.